பனி மூடிய மாதத்துப் பில்

கூரையில் விழுந்த பனியைத் தள்ளுவது லவோனின் வேலை. கணவர் ஓரினுக்கு இரண்டு முழங்காலும் ஓய்ந்துவிட்டன. கையை உயர்த்தினால் இடுப்பு வேறு பிடித்துக்கொள்ளும். அதனால் பனி பெய்து ஓய்ந்த ஒவ்வொரு காலையும் அவள்தான் காப்பியை முடித்து, கம்பளிக் காலுறைமேல் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, இருபத்தோரு அடிக் கோலைத் தூக்கியபடி கொல்லைப்பக்கம் போவாள். கோலின் நுனியில் பலகைபோல ஒரு நுரைக்கட்டை இருக்கும். அதைப் பதினெட்டு சோலார் பேனல்மேலும் ஒவ்வொன்றாக வைத்து, கண்ணாடியில் கீறல் விழாமல் இழுக்க வேண்டும். இழுத்த பனியில் பாதி தரையில் விழும், மீதி கழுத்துக்குள் இறங்கும். அரைமணி நேரத்தில் கூரை கருநீலமாகத் தெரியும். சமையலறை ஜன்னலுக்குள்ளிருந்து ஓரின் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். அதுதான் கூலி.

அந்தப் பிப்ரவரியில் அவள் கோலைத் தொடவில்லை.

மாதம் பிறந்த மூன்றாம் நாள் முழங்கால் உயரத்துக்குப் பனி கொட்டியது. அது இறுகுவதற்குள் மேலே இன்னொரு அடுக்கு. அதன்பிறகு வானம் துடைத்துவிட்டாற்போல ஆயிற்று. வெயில் கண்ணைக் கூசவைத்தது, குளிர் எலும்பைக் குடைந்தது. கூரை மட்டும் வெள்ளைப் போர்வையை விலக்காமல் கிடந்தது.

"லவோன், பேனல் மூடிக் கிடக்கு," என்றார் ஓரின், ஜன்னலருகே நின்று.

"தெரியுது."

"இவ்வளவு வெயிலும் வீணாப் போகுது."

"போகட்டும்."

அதற்குமேல் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. காரணம் கார் ஷெட்டின் மூலையில் இருந்தது. சிமெண்டுத் தரையில் நாலு கால் தடம், சுவரில் ஒரு பெரிய மின் பிளக்கின் துளை. லவோனின் சூளை நின்ற இடம்.

எல்ஸ்டாட் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் ஹாட்டிஷ் என்ற கறிக்கலவை கிளறியவள் அவள். ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற எவனைப் பார்த்தாலும் அவன் பட்டாணியை ஒதுக்கினவனா தின்றவனா என்று சொல்லிவிடுவாள். ஐம்பது வயதை நெருங்கும்போது மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்து மண் பிசையக் கற்றாள். முதல் வருடம் செய்ததெல்லாம் சாம்பல் கிண்ணம் என்று பெயர் வைத்துத்தான் கொடுக்க முடிந்தது. பிறகு கை பிடிபட்டது. மூடி போட்ட பீன்ஸ் பானைகள், கைப்பிடி அகலமான காப்பிக் குவளைகள். சர்ச் பஜாரில் மேஜை போட்ட ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வாரம் தன் சேமிப்பிலிருந்து அந்த மின்சூளையை வாங்கினாள். வீடு, வண்டி, கல்லறை நிலம் எல்லாம் இருவர் பெயரில். சூளை மட்டும் அவள் பெயரில்.

ஓரின் முப்பத்துநாலு வருடம் தானியக் கிடங்கின் எடைமேடை ஜன்னலில் உட்கார்ந்தவர். சோள லாரி நிறைந்து வந்து மேடையில் ஏறும், எண் வரும். கொட்டிவிட்டுக் காலியாக ஏறும். இன்னொரு எண் வரும். கழித்தால் தானியம். "இன்னும் கூட வருமே, ஓரின்," என்று எந்த விவசாயி முனகினாலும் அவர் தலையைத் தூக்காமல், "எடைமேடைகிட்ட பேசிக்கோ," என்பார். மனிதர்கள் ஆசையில் பேசுவார்கள், இயந்திரத்துக்கு ஆசை கிடையாது. வாழ்க்கையில் அவர் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான் என்று லவோன் கேலி செய்வதுண்டு. அது தன் தலையிலேயே வந்து விடியும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

பேனல் போட்டது அவருடைய யோசனை. எல்ஸ்டாடில் மின்சாரம் ஊருக்குச் சொந்தம். ஊரார் தேர்ந்தெடுத்த ஐந்து பேர் குழுதான் விலை வைக்கும். தீயணைப்பு நிலையத்தை ஒட்டிய ஒற்றை அறைதான் ஆபீஸ். அங்கே பில் போடும் டார்லா, போன ஏப்ரலில் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள்.

"பகல்ல உங்க கூரை உங்க தேவைக்கு மேல கறக்கும். மிச்சம் கம்பி வழியா ஊருக்குப் போகும், பக்கத்து வீட்டுல அதுலதான் டிவி ஓடும். ராத்திரி நீங்க ஊர்கிட்ட இருந்து எடுத்துப்பீங்க. பழைய மீட்டரைக் கழட்டிட்டு லைன்மேன் லைல் புது மீட்டர் மாட்டுவான். அது கொடுத்ததைத் தனியா, எடுத்ததைத் தனியா எண்ணும். மாசக் கடைசியில ஒண்ணுலருந்து ஒண்ணைக் கழிச்சு, மிச்சத்துக்கு மட்டும் பில். நீங்க கூடக் கொடுத்திருந்தா நாங்கதான் உங்களுக்குத் தரணும்."

"லாரி நிறைஞ்சு வந்தது, காலியாப் போனது," என்றார் ஓரின். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க எடைமேடை கணக்கேதான்."

ஊரில் சோலார் போட்ட முதல் வீடு அவர்களுடையது. எப்படி இருக்க வேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வீடு கிடையாது.

அதற்குமுன் மாதம் நூறு டாலரைத் தாண்டாத பில், ஜூனில் நூற்று ஐம்பத்தெட்டு என்று வந்தது. ஓரின் உறையைத் திருப்பிப் பெயரைப் பார்த்தார். வேறு யாருடைய பில்லோ என்று நினைத்தார். டார்லாவுக்குப் போன் போட்டார்.

"சூரியன் உங்களுக்கு மட்டும் வட்டி போடுதோ என்னமோ," என்று டார்லா சிரித்தாள். வேலைக் கார்டை எடுத்துப் பார்த்தாள். "புது மீட்டர் மாட்டியாச்சு, ஏப்ரல் பதினெட்டு, டிக் இருக்கு. ஓரின், நான் சொல்றேன்னு கோச்சுக்காதே. சும்மா வருதுன்னு தெரிஞ்சா ஆளுங்க கை தாராளமாயிடும். எதை எதை ஓட்டுறீங்கன்னு பாரு."

ஓரின் பார்க்கத் தொடங்கினார். பகல் முழுதும் வீட்டில் இருப்பவர் ஆயிற்றே. துணி உலர்த்தும் இயந்திரம் நின்றது. துணி கொடியில் தொங்கியது. ஏசி மத்தியானத்தில் அணைந்தது; இருவரும் வியர்வையில் ஊறினார்கள். ஜூலையில் பில் இன்னும் கூடியது. சிக்கனம் பிடிக்கப் பிடிக்கக் கட்டணம் ஏறுகிற அதிசயத்தை அவர் வேறெங்கும் கண்டதில்லை. வீட்டில் மிச்சம் இருந்தது சூளை.

வாரம் ஒருநாள், வெயில் ஏறிய பின் லவோன் அதை மூட்டுவாள். பேனல் விற்க வந்தவன்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தான், பகலில் ஓட்டுங்கள், உங்கள் கூரையே சுட்டுத் தரும் என்று.

"கொஞ்ச நாள் நிறுத்திப் பாரேன்," என்றார் ஓரின். அது ஒன்றும் அநியாயமாகப் படவில்லை. லவோன் நிறுத்தினாள். ஜூலை பத்தாம் தேதிக்குப் பிறகு அந்தச் சூளையில் ஒரு தீக்குச்சிச் சூடுகூட ஏறவில்லை. காயவைத்த பானைகள் சுடப்படாமல் அலமாரியில் வரிசையாக நின்றன.

ஆகஸ்ட் பில் நூற்று எழுபத்தொன்று.

"நீ பத்த வைக்கிறியா?"

"இல்லை."

"நான் காப்பி குடிக்கக் காபேக்குப் போற நேரத்துல?"

"இல்லைன்னேனே, ஓரின்."

"மீட்டர் அப்படிச் சொல்லலையே."

நாற்பத்தொரு வருடத்தில் அவர் அவளைப் பொய் சொல்கிறாய் என்று சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. ஆனால் செப்டம்பரில் ஒருநாள், காபேயிலிருந்து திரும்பியவர் வீட்டுக்குள் வராமல் நேரே கார் ஷெட்டுக்குப் போனார். லவோன் துணிக்கொடிக்குப் பின்னால் நிற்பதை அவர் கவனிக்கவில்லை. சூளையின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தார். குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியில் வைத்துப் பார்ப்பதுபோல, சற்று நேரம் வைத்திருந்து, பிறகு கையைத் திருப்பிப் புறங்கையையும் வைத்துப் பார்த்தார். லவோன் வாயில் கவ்வியிருந்த கிளிப் கீழே விழுந்தது. ஈரத்துணியைப் பிடித்தபடி நின்றாள்.

அன்று முதல் தினமும் திரும்பியதும் ஷெட்டுப் பக்கம் ஒருநடை போய்விட்டு வந்தார்.

ஜனவரி இருபதாம் தேதிவாக்கில் டுலூத்தில் இருக்கும் தங்கைக்கு இடுப்பு எலும்பு மாற்றினார்கள். லவோன் ஒன்பது நாள் கூட இருந்து கவனித்துவிட்டு வந்தாள். வண்டியை ஷெட்டுக்குள் விட்டு விளக்கைப் போட்டால், மூலை காலி. ஏதோ தவறான வீட்டுக்குள் நுழைந்துவிட்டதுபோல ஒரு கணம் தடுமாறி, சுவரில் தொங்கிய தன் தோட்டத் தொப்பியைப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

"பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்து ஓவிய டீச்சர்," என்றார் பின்னால் வந்து நின்ற ஓரின். "அறுநூறு டாலர். உன் பேர்லதான் பாங்குல போட்டிருக்கேன், ஒரு காசு தொடலை. இது நம்ம ரெண்டு பேருக்கும் நல்லது லவோன். இனிமே இதைப் பத்திப் பேச்சே வேண்டாம்."

பேச்சு வேண்டாம் என்பதை லவோன் அப்படியே எடுத்துக்கொண்டாள். அவள் அழவில்லை, கத்தவில்லை. பயணப் பெட்டியை அந்த நாலு தடத்துக்கு நடுவில் வைத்துவிட்டு உள்ளே போய் உருளைக்கிழங்கு தோலுரித்தாள். மூன்றாம் நாள் பனி விழுந்தது. கோல் ஷெட்டுச் சுவரிலேயே சாய்ந்திருந்தது.

மார்ச் ஐந்தாம் தேதி பில் வந்தது. எண்பத்துமூன்று டாலர்.

ஓரின் அதை இரண்டு காந்தம் போட்டு ஃபிரிட்ஜின்மேல் ஒட்டினார். "நான் ஒண்ணும் சொல்லலை," என்றார். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. "சூளை போச்சு, பில் இறங்கிருச்சு. அவ்வளவுதான். பழசைக் கிளற வேண்டாம்."

லவோன் ஈரக்கையோடு அந்தக் காகிதத்தின் முன்னால் நின்றாள். எண்பத்துமூன்று. ஜூலையிலிருந்து சூளை ஓடவில்லை என்பது இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். ஓடாத சூளையை வெளியே கொண்டுபோனால் பில் எப்படி இறங்கும்? வேறு எதுவோ நின்றிருக்கிறது. எது என்றுதான் புரியவில்லை.

புரிந்தது அன்று மாலை, சர்ச் நிலவறையில், தவக்காலப் புதன்கிழமை சூப் விருந்தின்போது. லவோன் பெரிய பாத்திரத்தின் பின்னால் நின்று பட்டாணி சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஓரின் பில் கதையை வரிசையில் நின்ற எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். சூளையைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு மரியாதை இருந்தது. பில் பாதியானதை மட்டும் சொன்னார்.

"கூரையைப் பார்த்தேன், பனி அப்படியே கிடக்கு," என்றார் பக்கத்து வீட்டு கோர்டி, தட்டை நீட்டியபடி. "மூடிக் கிடந்தா பில் குறையுதுன்னா நல்ல தார்ப்பாயா ஒண்ணு வாங்கிப் போடு, ஓரின். சைபராயிடும்."

வரிசை சிரித்தது. ஓரினும் சிரித்தார். லவோனின் கரண்டி பாத்திரத்துக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது.

"லவோன், சூப் மேஜையில ஊத்துது," என்றார் கோர்டி.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஓரின் வழக்கம்போல காபேக்குக் கிளம்பினார். வண்டி தெருமுனை திரும்பியதும் லவோன் நிலவறைக்கு இறங்கினாள். சுவிட்சுப் பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓரின் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்: அடுப்பு, ஃபிரிட்ஜ், ஹீட்டர். மேலிருந்து ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தாள். ஹீட்டரின் உறுமல் அடங்கியது. வீடு மூச்சை நிறுத்திக்கொண்டது. மெயினையும், 'சூரியன்' என்று எழுதிய ஒன்றையும் மட்டும் அணைக்காமல் விட்டாள்.

வெளியே வந்து சுவரில் இருந்த மீட்டரைப் பார்த்தாள். 48213. கோலை எடுத்துவரும்வரை, கையுறை போடும்வரை, திரும்பிப் பார்த்தபோதும் 48213. வீட்டில் எதுவும் ஓடவில்லை, மீட்டரும் ஓடவில்லை. சரிதானே.

பிறகு பனியைத் தள்ளினாள். ஒரு மாதம் இறுகிப்போன பனி. மேலே பனிக்கட்டித் தோல். கட்டையால் தட்டி உடைத்து இழுக்க வேண்டியிருந்தது. தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. வெயிலில் கண்ணாடி தெரியத் தெரிய மற்றது தானாகவே வழுக்கிக்கொண்டு இறங்கியது. கூரை மொத்தமும் வெளியே வந்தபோது மணி ஒன்பதைத் தொட்டிருந்தது. சுவரில் இருந்த சோலார் பெட்டியின் சின்ன விளக்கு சிவப்பிலிருந்து பச்சையானது.

லவோன் மீட்டர் முன்னால் போய் நின்றாள்.

இருண்டு கிடக்கும் வீட்டின் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எண்ணுக்கு அடியில் இருக்கும் சின்னக் கறுப்புக் கோடுகள், அடுப்பும் ஏசியும் சேர்ந்து ஓடினாற்போல விறுவிறுவென்று நகர்ந்தன. 48214 ஆயிற்று. அவள் நகரவில்லை. உள்ளங்கையில் பென்சிலால் எழுதிக்கொண்டு நின்றாள். 48215. கழுத்துக்குள் விழுந்த பனி உருகி முதுகில் வழிந்தது, அவளுக்கு உறைக்கவில்லை. 48216. ஏறிக்கொண்டே போனது. யாருமே எதையுமே எடுக்கவில்லை. மின்சாரம் கூரையிலிருந்து ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மீட்டர் அதை அவர்கள் தின்றதாக எழுதிக்கொண்டிருக்கிறது.

சுவிட்சுகளை மறுபடி போட்டுவிட்டு, அதே கோலத்தில், ரப்பர் பூட்ஸோடு, ஆபீஸுக்குப் போனாள்.

"என்ன லவோன், பனியில விழுந்து எழுந்து வர்றியா?" என்றாள் டார்லா.

லவோன் உள்ளங்கையைக் காட்டிச் சொன்னாள். டார்லா முதலில் சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது. எழுந்து அலமாரியிலிருந்து கார்டை எடுத்தாள். டிக் இருந்தது. பின்னறையில் டோனட் தின்றுகொண்டிருந்த லைல், சர்க்கரை ஒட்டிய விரலோடு எட்டிப்பார்த்தான். ஊர் மின்சாரத்துக்கு அவன்தான் பொறுப்பாளன், அவன்தான் கம்பியும் ஏறுவான். லவோனின் கையால் ஆறு வருடம் மதியச் சாப்பாடு சாப்பிட்டவன்.

"மிஸஸ் டெஸ்டால், புது மீட்டர் அப்படி எண்ணாதே," என்றான். "ரெண்டு நம்பர் மாறி மாறிக் காட்டும். போறது ஒண்ணு, வர்றது ஒண்ணு."

"எங்க வீட்டுல ஒரு நம்பர்தான் காட்டுது, லைல்."

அவன் டோனட்டைக் கார்டின்மேலேயே வைத்துவிட்டுக் கோட்டை எடுத்தான்.

மீட்டரின் முன் குனிந்து அதன் வரிசை எண்ணைப் படித்தான். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான். மறுபடி படித்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"இது பழசு," என்றான். "நான் மாட்டவே இல்லை."

லவோன் அவன் கையிலிருந்த காகிதத்தை எட்டிப்பார்த்தாள்.

"காலையில வண்டியில சாமானை ஏத்தும்போதே கார்டுல டிக் போட்டுடுவோம். ரெண்டே பேரு, திரும்பி வந்து எழுத நேரம் இருக்காதுன்னு. எனக்கு முன்னால இருந்தவரும் அப்படித்தான். போன ஏப்ரல்ல உங்க மீட்டரை ஏத்தி டிக் போட்டேன். அதுக்குள்ள ராணி ஏரிப் பக்கம் சூறாவளி. அவங்களும் நம்ம மாதிரி சொந்தமா மின்சாரம் வச்சிருக்கிற ஊரு. கூப்பிட்டா போயாகணும், நாளைக்கு நமக்கு வேணும்ல. அப்படியே போயிட்டோம். ஒன்பது நாள். அங்க சுவரோட பிஞ்சு போன ஒரு மீட்டருக்குப் பதிலா வண்டியில இருந்ததை மாட்டிட்டேன். திரும்பி வந்து கார்டைப் பார்த்தா டிக் இருக்கு."

"இந்தப் பழசு என்ன செய்யுது?"

"இதுக்குப் போறதும் வர்றதும் ஒண்ணுதான். கரண்ட் ஓடினா எண்ணும். நீங்க ஊருக்குக் கொடுத்ததெல்லாம் நீங்க எடுத்ததாவே ஏறியிருக்கு."

"அப்ப பகல்ல நாங்க ஏசியை அணைச்சு, துணியைக் கொடியில போட்டு மிச்சம் பிடிச்சதெல்லாம்?"

லைல் தொப்பியைக் கழற்றினான். "மிச்சம் பிடிச்சது அவ்வளவும் வெளிய போயிருக்கும். போனது அவ்வளவும் உங்க பில்லுல ஏறியிருக்கும்."

"சூளை ஓடியிருந்தா?"

"எந்தச் சூளை?"

"பகல்ல ஒரு மின்சூளை ஓடியிருந்தா, லைல். பில் ஏறுமா, இறங்குமா?"

அவன் யோசித்தான். "கூரையில வர்றதை அதுவே தின்னிருக்கும். வெளிய போறது குறையும். இறங்கித்தான் இருக்கும்."

சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த வாளியின்மேல் லவோன் உட்கார்ந்துவிட்டாள். நிறுத்தியதால்தான் ஏறியது. அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றக் காப்பாற்ற, அவள் பொய்க்காரி என்று அந்தப் பெட்டி மாதாமாதம் சாட்சி சொல்லியிருக்கிறது.

எல்ஸ்டாடில் ஒரு செய்தி ஆபீஸிலிருந்து காபேக்குப் போக நடக்க வேண்டியதில்லை. பத்தரைக்கு ஓரின் வீட்டுக்கு வந்தபோது அவருக்குத் தெரிந்திருந்தது. வந்தவர் ஷெட்டுப் பக்கம் போகவில்லை. சமையலறையில் லைல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"நிறைஞ்ச லாரியை எடை போட்டு," என்றார் ஓரின் மெதுவாக, "காலியா எடை போட்டு, ரெண்டையும் கூட்டியிருக்கீங்க."

"ஆமாங்க."

"கழிக்கலை. கூட்டியிருக்கீங்க."

"ஆமாங்க."

"பதினோரு மாசம்."

லைல் தலையாட்டினான். "டார்லா கணக்குப் போட்டுக்கிட்டிருக்கா. டிக்கைப் பார்த்துட்டு பேனலை ஓட்டலாம்னு கடிதம் அனுப்பினது அவதான், அழுதுட்டா. ஆயிரத்து முந்நூறு டாலர் பக்கம் வரும்போல. செவ்வாய்க்கிழமை குழு கூடுது, அதுக்கு முன்னாடியே செக் கொண்டாந்து தர்றேன்."

"எங்க எடைமேடையில நான் இப்படிச் செஞ்சிருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

"தெரியுங்க," என்றான் லைல். பிறகு லவோன் பக்கம் திரும்பினான். "புதுசை மாட்டிடறேன், மிஸஸ் டெஸ்டால். இந்தத் தடவை மாட்டிட்டுத்தான் டிக்," என்று சொல்லி வெளியே போனான்.

சற்று நேரத்தில் ஃபிரிட்ஜ் ஒருமுறை அடங்கி மறுபடி உறுமியது. புது மீட்டர் ஏறிவிட்டது.

ஓரின் ஃபிரிட்ஜின்மேல் இருந்த பில்லை எடுத்தார். நாலாக மடித்தார். இன்னும் சின்னதாக மடிக்க முடியுமா என்று பார்த்தார். காந்தம் இரண்டும் வெறுமனே ஒட்டிக்கொண்டிருந்தன.

"அந்த டீச்சர்கிட்ட பேசிப் பார்க்கிறேன்," என்றார். "பணத்தைத் திருப்பிக் கொடுத்தா தரமாட்டாங்களா."

"பேசாதே. காசு கொடுத்து வாங்கினாங்க. இப்ப அது அவங்களுது."

"அப்ப புதுசு ஒண்ணு. ஆயிரத்து முந்நூறு வருதே."

லவோன் நனைந்த கையுறைகளைப் பிழிந்து ஹீட்டர்மேல் விரித்தாள். உள்ளங்கையில் பென்சில் எண்கள் பாதி அழிந்திருந்தன. ஓரின் அதைப் பார்த்தார். அவர் குரல் மாறியது. கோபம் இல்லை, அடிபட்டதுபோல ஒரு குரல்.

"ஒன்பதரைக்கே உனக்குத் தெரிஞ்சிருக்கு லவோன். காபே ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு. டார்லாவுக்குத் தெரிஞ்சு, லைலுக்குத் தெரிஞ்சு, கோர்டி சொல்லி நான் தெரிஞ்சுக்கிறேன். அத்தனை பேருக்கு முன்னாடி. முதல்ல என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல?"

லவோன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியின் முதுகில் ஊன்றியிருந்த அவருடைய வலது கையைப் பார்த்தாள். சூளை மூடிமேல் வைத்துப் பார்த்த அகன்ற கை, கட்டைவிரல் அடியில் பழைய தழும்பு. பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று அவரும் குனிந்து பார்த்தார்.

கையை எடுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

வெளியே கூரையிலிருந்து கடைசிப் பனி சொத்தென்று விழுந்தது. அவள் காலையில் கழுவிவைத்த, தான் செய்த குவளை ஒன்றை எடுத்துத் துடைக்கத் தொடங்கியிருந்தாள். அவர் தொப்பியை எடுத்தார், போடவில்லை. முழங்கால் நொடிக்க, கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு, அறையை விட்டு வெளியே போனார்.